ரெண்டு பக்கமும் கத்தி, நடுவுல புடி: இது திப்பு காலமா, சூடானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

அல்சூர்_பேரன்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் மொத தடவையா கேள்வி போடறேன்.

எங்க வீடு பெங்களூர் அல்சூர்ல, சோமேஸ்வரர் கோயில்ல இருந்து நடந்து போற தூரம். பழைய ஓட்டு வீடு, தை மாசம் இடிச்சு கட்டப் போறோம், அதனால சாமான் எல்லாம் ஒதுங்க வெக்கிற வேலை நடந்துட்டு இருக்கு. எங்க வீட்ல ஒரு விசித்திரமான கத்தி இருக்கு. நான் பொறந்ததுல இருந்து பாக்கறேன், வருஷத்துக்கு ஒரே நாள் ஆயுத பூஜைக்கு அத்தை பீரோ மேல இருந்து எறக்கும், துடைச்சு சந்தனம் குங்குமம் வெச்சு தையல் மெஷின் பக்கத்துல சாத்தி வெக்கும், மறுநாள் மேல போயிடும். யாரும் அதப் பத்தி பெருசா யோசிச்சதே இல்ல.

இப்பதான் ஒழுங்கா கையில எடுத்து பாத்தேன். நடுவுல ஒரு புடி, ஒரு கைக்கு சரியா இருக்கும். புடியோட ரெண்டு முனையிலயும் ஒவ்வொரு கத்தி. ரெண்டும் வளைஞ்சிருக்கு, ஆனா எதிர் எதிர் பக்கமா, படுக்க வெச்சா இழுத்து விட்ட இங்கிலீஷ் எஸ் மாதிரி தெரியும். இந்த முனையில இருந்து அந்த முனைக்கு 20 இன்ச், ஒவ்வொரு கத்தியும் ஏழரை இன்ச், அகலம் ஒண்ணேகால். புடி மரம், மேல ஏதோ ஒரு தோல் சுத்தியிருக்கு, சின்னச் சின்னதா மேடு மேடா செதில் மாதிரி. கத்தி ரெண்டு பக்கமும் முழுக்க எழுத்து, உருதுவா அரபியான்னு எனக்குத் தெரியாது, ஒரு இடம் கூட காலியா விடாம நிரப்பி வெச்சிருக்காங்க. உறை ரெண்டு, சேப்புத் தோல், ஒண்ணு கிழிஞ்சு போச்சு.

அத்தை சொல்ற கதை: எங்க தாத்தாவோட தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ்ல, அதான் பட்டாளத்து இன்ஜினியர் படையில இருந்தாராம், வெள்ளைக்காரன் கூட சூடானுக்கு சண்டைக்குப் போயி, அங்க ஒருத்தன் கையில இருந்து பிடுங்கிட்டு வந்தாராம். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் ஒரு பழைய சாமான் கடைக்காரர் கிட்ட போட்டோ காட்டினேன், அவரு பாத்த உடனே "இது திப்பு சுல்தான் சிப்பாய் கத்தி, 40 ஆயிரம் தரேன், யாருகிட்டயும் காட்டாதீங்க"ன்னு சொல்றாரு. யாருகிட்டயும் காட்டாதீங்கன்னு சொன்னதுதான் ஒதைக்குது. அதான் எல்லாருகிட்டயும் காட்டிட்டு இருக்கேன். போட்டோ எட்டு போட்டிருக்கேன், இது எந்த ஊரு, எந்தக் காலம்?

பழைய_இரும்பு:

பெங்களூர்ல துருப்புடிச்ச வெங்காயம் வெட்ற கத்தியக் கொண்டு போனாலும் திப்பு கத்திதான், ஸ்ரீரங்கப்பட்டணத்துல 1799ல செத்தவரு இன்னும் இந்த ஊரு கடைக்காரங்களுக்கு சோறு போட்டுட்டு இருக்காரு. விடுங்க.

உங்க போட்டோ பாத்த உடனே சொல்லிடலாம், இது சூடான்காரங்க ரெட்டைக் கத்தி. சேகரிக்கறவங்க ஹலாடின்னு சொல்வாங்க. இதே பேர்ல நம்ம ராஜஸ்தான் பக்கமும் ஒரு ரெட்டைக் கத்தி இருக்கு, அதனாலதான் குழப்பம். ரெண்டையும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரிஞ்சிடும். ராஜபுத்திர கத்தின்னா புடி பெரும்பாலும் இரும்பு, சிலதுல விரலுக்கு காப்பு மாதிரி ஒரு வளைவு இருக்கும், அந்தக் காப்பு மேலயும் மூணாவதா ஒரு சின்ன கத்தி நீட்டிட்டு நிக்கும், கத்தி நடுவுல முதுகெலும்பு மாதிரி மேடு, நல்ல வேலைன்னா புடியில தங்கக் கம்பி பதிச்சிருப்பாங்க. உங்களது மரப்புடி, அது மேல தோல், தட்டையான கத்தி, முழுக்க எழுத்து. அந்த செதில் தோலு உடும்பு இல்லன்னா முதலைக்குட்டி, குளோசப்ல ஒரு போட்டோ போட்டா சொல்றேன். நைல் நதிக்கரை ஊருல முதலைத் தோலுக்கு என்ன பஞ்சம்.

எழுத்து செதுக்கினது இல்ல, ஆசிட்ல அரிச்சது. எழுத்து வேண்டிய இடத்துல மெழுகு மாதிரி ஏதாவது பூசி மூடிட்டு மிச்சத்த ஆசிட் தின்ன விடுவாங்க, பூசின இடம் மேடா நிக்கும், சுத்தி பள்ளமாயிடும். விரல் நகத்தால மெதுவா தடவிப் பாருங்க, எழுத்து மேல தட்டுதா, உள்ள எறங்குதான்னு. மேல தட்டினா நான் சொன்ன வேலைதான். இந்த மாதிரி எழுத்து நிரப்பின வாள், ஈட்டி, ரெட்டைக் கத்தி எல்லாம் மஹ்தி, அதாவது 1880கள்ல சூடான்ல எகிப்து ஆட்சிய எதிர்த்து கெளம்பின மதத் தலைவரு, அவரு ஆளுங்க பேரோட சேத்து சொல்றது, அதுவும் பெரும்பாலும் மஹ்திக்கு அப்புறம், கார்த்தூமுக்கு எதிர்க்கரையில இருக்கற ஓம்துர்மான்ல ஆண்ட கலீஃபா காலம்னு சொல்வாங்க. மஹ்தி 1885 ஜூன்ல செத்துட்டாரு, கலீஃபாவ 1898 செப்டம்பர் 2ஆம் தேதி ஓம்துர்மான்ல வெள்ளைக்கார ஜெனரல் கிட்ச்னர் தோக்கடிச்சான். அந்த 13 வருஷம்தான் சேகரிக்கறவங்க இதுக்கு ஆசைப்படற காலம். ஆசைப்படற காலம்னு ஏன் சொல்றேன்னா, ஓம்துர்மான் விழுந்த பிறகு வந்த வெள்ளைக்கார சோல்ஜர், ஆபீசர், டூரிஸ்ட் எல்லாரும் ஊருக்கு எடுத்துட்டுப் போக ஒரு கத்தி கேட்டான், அங்க இருந்த கொல்லனும் அதே மாதிரி செஞ்சு செஞ்சு கொடுத்தான். சண்டைக்கு செஞ்சதா, விக்க செஞ்சதான்னு பாக்கறதுதான் இதுல நிஜமான வேலை.

ஒண்ணு கேக்கறேன். கத்திக்கு பதம் இருக்கா? பேப்பர் வெட்டுமா?

அல்சூர்_பேரன்:

வெட்டல சார். முனை மட்டும் கூரா இருக்கு, ஓரம் சும்மா பட்டையா மழுங்கினாப்புல இருக்கு. அத்தை தேய்ச்சு தேய்ச்சு மழுங்கிடுச்சோ என்னவோ. எழுத்து நகத்துல மேல தட்டுது, நீங்க சொன்ன மாதிரியேதான்.

கம்புச்சுத்தி:

கொஞ்சம் இருங்க. நான் காக்ஸ் டவுன் பக்கம் பசங்களுக்கு சிலம்பம் சொல்லித் தரேன், பழைய ஆயுதம் பத்தி எனக்கு பெருசா தெரியாது, ஆனா இந்த வடிவத்தப் பாத்தா எனக்கு நம்ம மான் கொம்புதான் ஞாபகம் வருது, சில ஊர்ல மடுவுன்னும் சொல்வாங்க. ரெண்டு புல்வாய் கொம்ப எதிர் எதிரா வெச்சு நடுவுல புடி கட்டி, முனைக்கு இரும்புப் பூண் போட்டு, சிலர் கை மறைய ஒரு சின்ன கேடயமும் வெச்சுக்குவாங்க. அதுவும் ரெண்டு பக்கமும் குத்தும், ரெண்டு பக்கமும் தடுக்கும். கையில புடிச்சவனுக்குத் தெரியும், இது வெட்ற ஆயுதம் இல்ல, மணிக்கட்ட திருப்பினா போதும், முன்னாடி குத்தினது பின்னாடி குத்தும், அதனால ஓரத்துல பதம் இல்லன்னு சொல்லி இது சண்டைக்கு ஆகாதுன்னு எழுதிடாதீங்க. என் கேள்வி என்னன்னா, இந்த யோசனையே நம்ம ஊருல இருந்து அங்க போயிருக்கக் கூடாதா? மிளகு போச்சு, துணி போச்சு, கொடுமணல் பக்கம் உருக்கு செஞ்சு கப்பல்ல ஏத்தின காலமெல்லாம் இருக்கே, கத்தி வடிவம் போகாதா?

பழைய_இரும்பு:

நல்ல கேள்வி, குத்தறதுக்கு பதம் வேணாம்னு சொன்னதும் சரிதான், பதம் இல்லைங்கறத மட்டும் வெச்சு விக்க செஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா வடிவம் ஒண்ணா இருக்குன்னா வம்சம் ஒண்ணுன்னு சொல்ல முடியாது. ஒரு புடியில ரெண்டு பக்கம் கூர் வெக்கணும்னு எந்த ஊர்க் கொல்லனுக்கும் தோணும், அதுக்கு கப்பல் ஏறி வரணும்னு அவசியம் இல்ல.

அதே சமயம் நீங்க சொல்ற வழி நிஜமாவே இருந்த வழிதான். சவாக்கின்னு செங்கடல் ஓரமா ஒரு பழைய துறைமுகம், எதிர்க்கரையில ஜித்தா, அந்தக் கடல்ல குஜராத்தி வியாபாரிங்க ரொம்ப காலமா ஓடிட்டு இருந்தவங்க, ஓம்துர்மான்லயே நூறு வருஷத்துக்கு மேல குஜராத்தி குடும்பங்க இருந்திருக்கு. அதனால ராஜபுத்திர கத்தி ஒண்ணு அந்தப் பக்கம் போயி அத பாத்து செஞ்சான்னு சொன்னா நடக்காத காரியம் இல்ல. நான் சொல்றது இந்த ஒரு கத்தியப் பத்தி. இது பொறந்த ஊரு சூடான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இதோட பாட்டன் ஊரு எதுன்னு நம்ம ரெண்டு பேரும் ஒரு நாள் மசால் தோசை சாப்பிட்டுக்கிட்டே சண்டை போடலாம்.

லைட்டா_தெரியும்:

பிரோ பிராசோ பாலிஷ் போட்டு நல்லா தேய்ங்க, இல்லன்னா புளி தேய்ச்சு ஊற வெச்சு கழுவுங்க, எங்க பாட்டி குத்துவெளக்கு அப்படித்தான் பளபளன்னு வெச்சிருக்கும். எழுத்து தெளிவா தெரியும், வெலயும் ஏறும்.

பழைய_இரும்பு:

தயவு செஞ்சு இவர் சொல்றத கேக்காதீங்க. புளியும் ஒரு ஆசிட்தான், பித்தளை விளக்குக்கு சரி, இது ஆசிட்ல அரிச்ச எழுத்து, மறுபடியும் ஆசிட் வெச்சா மேடும் பள்ளமும் ஒண்ணாயிடும், நூறு ரூபா டப்பாவால கத்திய தகடாக்கிடுவீங்க. மெத்தென்ற துணியில தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு, துடைங்க, அவ்வளவுதான். தேங்காய் எண்ணெயும் வேணாம், பிசுபிசுன்னு தூசி புடிக்கும். தோல் உறைக்குள்ள போட்டு வெக்காதீங்க, தோல் ஈரத்த இழுத்துக்கும், உள்ளயே துரு ஏறும், தனித்தனியா வைங்க.

சிவாஜிநகர்_பாய்:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நாலாவது, ஏழாவது போட்டோ பெருசு பண்ணி அரை மணி நேரம் பாத்தேன், எங்க அத்தாவையும் கூப்பிட்டு காட்டினேன், அவருக்கு என்னை விட நல்லா ஓத வரும்.

எழுத்து அரபிதான், உருது இல்ல. உயரம் உயரமா ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கிற மாதிரி எழுதற ஸ்டைல், துலுத்னு சொல்வாங்க, பள்ளிவாசல் முகப்புல பாத்திருப்பீங்க. ஒரு பக்கம் நல்லா படிக்க முடியுது, நஸ்ருன் மினல்லாஹி வ ஃபத்ஹுன் கரீப், அதாவது அல்லாஹ்கிட்ட இருந்து உதவியும் பக்கத்துலயே வெற்றியும். குர்ஆன்ல 61ஆவது சூரா, 13ஆவது வசனம். ஆயுதத்துல, கொடியில எல்லாம் உலகம் பூரா இந்த வரி எழுதுவாங்க, அதனால இந்த வரிய வெச்சு எந்த ஊருன்னு சொல்ல முடியாது.

இப்ப வேடிக்கை என்னன்னா, அந்த வரி ஒரு தடவை ஒழுங்கா வருது, அப்புறம் அதே வரி மறுபடி ஆரம்பிக்குது, கத்தி குறுகிப் போற இடத்துல பாதி வார்த்தையில நின்னுடுது. கடைசி ரெண்டு எழுத்துக்கு எடமில்ல, விட்டுட்டான். மறு பக்கம் அல்லாஹ்ங்கற வார்த்தை மட்டும் தெரியுது, மிச்சமெல்லாம் எழுத்து மாதிரி கோடு, புள்ளி எந்த எழுத்துக்குன்னே தெரியாம சும்மா தூவி விட்டிருக்கு. எங்க அத்தா சொன்னாரு, எழுதினவன் எழுதத் தெரிஞ்சவன் இல்ல, எழுதினத பாத்து வரைஞ்சவன்னு. ஓதத் தெரிஞ்ச ஆளு வசனத்த பாதில வெட்ட மனசு வராது.

இன்னொண்ணு, தப்பா எடுத்துக்காதீங்க. ஏழாவது போட்டோல அல்லாஹ்ங்கற எழுத்தச் சுத்தி இருக்கற பள்ளத்துல செகப்பா என்னமோ இருக்கு, துருன்னு நெனச்சேன், பெருசு பண்ணிப் பாத்தா குங்குமம். எங்க அத்தா கொஞ்ச நேரம் பேசாம பாத்துட்டு "பரவால்ல, மரியாதையாத்தான வெச்சிருக்காங்க"ன்னாரு.

அல்சூர்_பேரன்:

பாய், உங்க அத்தாவுக்கு என் சலாம் சொல்லுங்க. அத்தைக்கு படிச்சுக் காட்டினேன், வாயில கைய வெச்சுக்கிச்சு. இத்தனை வருஷமா சாமி பேருக்குத்தான் பொட்டு வெச்சிருக்கேன்னு சொல்லி ஒரே சந்தோஷம்.

கார்த்தூம்_ரிட்டர்ன்:

நான் கார்த்தூம்ல ஒரு பேக்டரியில ஆறு வருஷம் மெயின்டனன்ஸ் வேலை பாத்தேன், 2023 ஏப்ரல்ல சண்டை வந்தப்ப பஸ்ல போர்ட் சூடான் வரைக்கும் வந்து, அங்கிருந்து கப்பல்ல ஜித்தா, அங்கிருந்து பிளைட், ஆபரேஷன் காவேரில வந்தவங்கள்ல நானும் ஒருத்தன். நம்ம கர்நாடகா ஹக்கி பிக்கி பழங்குடி ஜனங்களும் அப்ப அங்க மாட்டிக்கிட்டாங்க, பேப்பர்ல படிச்சிருப்பீங்க. அது வேற கதை.

ஓம்துர்மான் பெரிய மார்க்கெட்ல கத்திக்குன்னே ஒரு சந்து இருந்துச்சு. உள்ள போனா தோலு வாசனை மூக்கில அடிக்கும், கருங்காலிப் புடி, முதலைத் தோல் உறை, பாம்புத் தோல், வரிசையா தொங்கும். கிராமத்து ஆளுங்க கத்திய இடுப்புல சொருக மாட்டாங்க, இடது கையில முழங்கைக்கு மேல தோல் வளையத்துல கட்டிக்குவாங்க, ஜிப்பா கைக்குள்ள மறைஞ்சிடும். கத்திக்கு சிக்கீன்னு பேரு. கஸ்ஸலா பக்கம் போனா நேர் வாள், கஸ்காரான்னு சொல்வாங்க, மீட்டர் நீளத்துக்கு வரும், அது இன்னும் செய்யறாங்க, தோள்ல மாட்டிட்டு டீக்கடையில உக்காந்திருப்பாங்க.

இந்த ரெட்டைக் கத்திய மட்டும் நான் யாரு கையிலயும் கட்டி பாத்ததே இல்ல. கடையிலதான் பாத்திருக்கேன். என்னை மாதிரி வெளியூர்க்காரன் போனா உள்ள இருந்து துணியில சுத்தி எடுத்துட்டு வருவாங்க, "கதீம், கதீம்"னு சொல்வாங்க, கதீம்னா பழசு. ஒரு தடவை வெல பேசி கையில வாங்கிப் பாத்தேன், புடியில புது பாலிஷ் என் விரல்ல ஒட்டுச்சு. நான் விரல காட்டினேன், கடைக்காரன் சிரிச்சுட்டு டீ வாங்கிக் குடுத்தான். நல்ல மனுஷங்க. அந்தச் சந்து இப்ப எப்படி இருக்கோ. கார்த்தூம் மியூசியத்தையே கொள்ளை அடிச்சுட்டாங்கன்னு நியூஸ்ல வந்தப்ப ரெண்டு நாள் எனக்கு மனசே சரியில்ல.

உங்க கத்தி புதுசுன்னு சொல்ல வரல. புடி போட்டோ பாத்தேன், தோலு நடுவுல மட்டும் தேய்ஞ்சு வழவழன்னு இருக்கு, மரம் சுருங்கி கத்தி எறங்கற எடத்துல ஒரு மயிரிழை சந்து விட்டிருக்கு, அந்த சந்துக்குள்ள கருப்பா அழுக்கு கெட்டியாயிடுச்சு, உறை தையலும் கைத்தையல், ஒரு ஒரு தையலும் ஒரு ஒரு நீளம். இதெல்லாம் கடையில பாலிஷ் போட்டு வராது. என் கணக்குல ஒரு எம்பது தொண்ணூறு வருஷமாவது இருக்கும். ஆனா சண்டையில ஒருத்தன் கையில இருந்து பிடுங்கினதுன்னு அத்தை சொல்றதுதான் எனக்கு எறங்கல.

மெடல்_கிறுக்கன்:

எனக்கும் அங்கதான் ஒதைக்குது. நான் கத்தி ஆளு இல்ல, பழைய பட்டாள மெடல் சேக்கறவன், அதனால கத்திய விட்டுட்டு தாத்தாவப் பிடிக்கறேன்.

மெட்ராஸ் சாப்பர்ஸ் சூடான் போனது நூத்துக்கு நூறு உண்மை. 1885ல இந்தியாவுல இருந்து ஒரு படை சவாக்கின்ல போயி எறங்குச்சு, சீக்கியர், பெங்கால், பாம்பே ரெஜிமென்ட் கூட நம்ம தம்பிங்களும் போனாங்க. மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு தம்பின்னுதான் செல்லப்பேரு, தெரியாதவங்களுக்கு சொல்றேன். மார்ச் 22ஆம் தேதி தோஃப்ரெக்னு ஒரு எடத்துல முள்ளு வேலி போட்டு முகாம் கட்டச் சொன்னாங்க, சாப்பர் வேலையே அதானே, ஆளுங்க முள்ளு வெட்டிட்டு இருக்கறப்பவே அந்தப் பக்கத்து மஹ்தி தளபதி உஸ்மான் திக்னாவோட ஆளுங்க புதர்ல இருந்து எழுந்து வந்து விழுந்துட்டாங்க. அரை மணி நேரம் கூட நடக்காத சண்டை, ஆளும் செத்தாங்க, ஒட்டகமும் ஏகப்பட்டது செத்துச்சு. தோஃப்ரெக்ங்கற பேரு இன்னிக்கும் சாப்பர்ஸ் போர் கௌரவப் பட்டியல்ல இருக்கு. அதனால அத்தை கதையில பாதி வரலாறு.

மிச்ச பாதிதான் ஒட்டல. உஸ்மான் திக்னா கூட நின்னவங்க பெரும்பாலும் செங்கடல் மலைப்பக்கத்து ஹதந்தோவா ஜனங்க, பெஜா இனம். அவங்க கையில இருந்தது ஈட்டி, நேர் வாள், தோல் கேடயம், வளைஞ்ச குச்சி. அவங்களுக்குன்னு ஒரு கத்தி உண்டு, ஒத்தைக் கத்தி, கொக்கி மாதிரி வளைஞ்சது, கருங்காலிப் புடி இங்கிலீஷ் எக்ஸ் எழுத்து மாதிரி விரிஞ்சிருக்கும். தோஃப்ரெக்ல பிடுங்கினதுன்னா அந்த மாதிரி ஒண்ணு வந்திருக்கணும். பழைய_இரும்பு சொன்ன ஓம்துர்மான் எழுத்து வேலையும் 1885 மார்ச்சுக்கு அப்புறம் சூடு புடிச்ச விஷயம். ஊரும் ஒட்டல, வருஷமும் ஒட்டல.

ஆனா இந்தியப் பட்டாளம் சூடான் போனது அந்த ஒரு தடவை மட்டும் இல்ல. ரெண்டாம் உலகப் போர்ல, 1940-41ல, இந்திய 4ஆவது டிவிஷன், 5ஆவது டிவிஷன் ரெண்டும் சூடான்ல இருந்தாங்க. கஸ்ஸலாவ இத்தாலிக்காரன் 1940 ஜூலையில புடிச்சான், 1941 ஜனவரியில நம்மாளுங்க திருப்பி வாங்கினாங்க, அங்கிருந்து எரித்ரியா, கெரன் மலை, மார்ச் கடைசியில கெரன் விழுந்துச்சு. லீவு கெடச்ச சோல்ஜர் கார்த்தூம், போர்ட் சூடான் பஜார்ல என்ன பண்ணுவான்? சம்பளப் பணத்துல ஒரு கத்தி வாங்குவான்.

ஒரே ஒரு கேள்வி. தாத்தா சாமான்ல மெடல் ஏதாவது இருக்கா? 1885ன்னா வட்டமா வெள்ளி மெடல், பின்னாடி ஸ்பிங்க்ஸ், நீலம் வெள்ளை பட்டை போட்ட ரிப்பன், ஓரத்துல சுத்தி பேரு வெட்டியிருக்கும். கூடவே எகிப்து ராஜா குடுத்த வெண்கல நட்சத்திரம் ஒண்ணு, அதுக்கு அஞ்சு முனை. ரெண்டாம் உலகப் போர்னா அதுவும் வெண்கல நட்சத்திரம்தான், அதுக்கு ஆறு முனை. எண்ணிப் பாத்து சொல்லுங்க.

அல்சூர்_பேரன்:

ஒரு நட்சத்திரம் இருக்கு! இப்பதான் தலை சுத்துது. தாத்தாவோட பச்சை தகரப் பெட்டில, விபூதி டப்பாக்குள்ள போட்டு வெச்சிருக்காங்க, சின்ன வயசுல அத கார்த்திகைக்கு கதவுல மாட்டி வெளையாடி அடி வாங்கியிருக்கேன். பெட்டி மாமா வீட்டுக்கு மர்பி டவுன் போயிடுச்சு, சாயங்காலம் போயி எடுத்துட்டு வந்து சொல்றேன்.

அல்சூர்_பேரன்:

வந்துட்டேன். ஆறு முனை. மூணு தடவை எண்ணினேன், அத்தையும் எண்ணிச்சு.

ரிப்பன் துணி கொஞ்சம்தான் மிச்சம் இருக்கு, மணல் கலர் மாதிரி, நடுவுல செகப்பு, ஓரமா ஒரு பக்கம் மெல்லிசா நீலக் கோடு, இன்னொரு பக்கம் எலி கடிச்சிடுச்சு. நட்சத்திரம் பின்னாடி சின்ன எழுத்துல ஒரு நம்பர், எஸ்பிஆர்னு மூணு எழுத்து, அப்புறம் பேரு. அது எங்க தாத்தா பேரு. தாத்தாவோட தாத்தா பேரு இல்ல. எங்க அப்பாவோட அப்பா பேரு.

அவர நான் பாத்ததில்ல, அப்பாவுக்கே ஏழு வயசு இருக்கறப்ப போயிட்டாரு. அத்தைக்கு அப்ப நாலு.

மெடல்_கிறுக்கன்:

மணல், செகப்பு, நீலம்னா அது ஆப்பிரிக்கா ஸ்டார், எலி தின்ன பக்கம் வெளிர் நீலம் இருந்திருக்கும். சூடான், எரித்ரியா போனவங்களுக்கும் அதான் குடுத்தாங்க. எஸ்பிஆர்னா சாப்பர். வட ஆப்பிரிக்கா போனவங்களுக்கும் இதே ஸ்டார்தான், அதனால ஸ்டார் மட்டும் வெச்சு சூடான்னு அடிச்சு சொல்ல முடியாது, ஆனா ஸ்டாரும் கத்தியும் ஒரே வீட்ல இருக்கறப்ப எனக்கு வேற சாட்சி வேணாம். தாத்தா 1940-41ல அங்க பஜார்ல வாங்கியிருக்காரு. பெரிய தாத்தா தோஃப்ரெக் போனதும் பொய்யா இருக்கணும்னு இல்ல, அல்சூர்ல அப்பன், மவன், பேரன்னு வரிசையா சாப்பர்ஸ்ல சேந்த குடும்பம் எத்தனையோ இருக்கு. ரெண்டு பேர் கதையும் நாலு வயசுப் புள்ள காதுல ஒண்ணாயிருக்கும். நம்பர வெச்சுக்கிட்டு எம்இஜி சென்டர்ல, அதான் மெட்ராஸ் சாப்பர்ஸ் தலைமையகத்துல, சாப்பர்ஸ் மியூசியம், ஆவணக் காப்பகம் இருக்கு, உங்க வீட்ல இருந்து கூப்பிடு தூரம்தான, ஒரு லெட்டர் எழுதிப் போட்டு கேளுங்க. இனிமே ஸ்டார கதவுல மாட்டாதீங்க.

பழைய_இரும்பு:

அப்ப என் பங்குக்கு கணக்க முடிச்சுடறேன். ஓம்துர்மான் வேலை, இல்லன்னா அத பாத்து செஞ்ச வேலை, 1898க்கு அப்புறம், 1941க்கு முன்னாடி. பாதில நின்ன வசனம், சும்மா தூவின புள்ளி, பதமே போடாத ஓரம், மூணும் சேந்தா விக்கறதுக்கு செஞ்சதுன்னு சொல்லுது. தாத்தா வாங்கறப்ப புதுசா, ஏற்கனவே முப்பது நாப்பது வருஷம் பழசான்னு இரும்ப கையில வெச்சு பாக்காம சொல்ல மாட்டேன்.

விக்கறதா இருந்தா சில விஷயம். நூறு வருஷம் தாண்டினதா இருந்தா 1972 தொல்பொருள் சட்டத்துல வரும், வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது, தாண்டலன்னாலும் அனுப்பறதுக்கு முன்னாடி இது தொல்பொருள் இல்லன்னு ஏஎஸ்ஐ, அதான் மத்திய தொல்பொருள் துறை கிட்ட சர்டிபிகேட் வாங்கணும். புடியில இருக்கறது உடும்பு, முதலைன்னா வனவிலங்குச் சட்டம் வேற நடுவுல வந்து நிக்கும், அதனால ஆன்லைன்ல போட்டோ போட்டு வெல கேக்கறது எல்லாம் வேணாம். கத்தி ஏழரை இன்ச், அகலம் ஒண்ணேகால்னு சொன்னீங்க, ஆயுதச் சட்டத்துல ஒம்பது இன்ச் நீளமோ, ரெண்டு இன்ச் அகலமோ தாண்டினாத்தான் தொல்லை, வீட்ல வெச்சுக்கறதுக்கு பயப்பட வேணாம். பிளைட்ல மட்டும் கைப்பையில போட்டுட்டு போயிடாதீங்க. அந்த 40 ஆயிரம் ஆளு கிட்ட திரும்ப போக வேணாம், அவரு சொன்ன ஒரே உண்மை அது கத்திங்கறதுதான்.

கம்புச்சுத்தி:

மசால் தோசை பாக்கி இருக்கு, மறந்துடாதீங்க.

அல்சூர்_பேரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. விக்கல. அப்பா கிட்ட போன்ல சொன்னேன், கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் "அவரு பஜார்ல பேரம் பேசி வாங்கியிருப்பாரா"ன்னு கேட்டாரு. அவங்க அப்பா பேரம் பேசற ஆளா இல்லையான்னு கூட அவருக்குத் தெரியாது.

அத்தைக்கு எல்லாத்தையும் படிச்சுக் காட்டிட்டேன். பிடுங்கினது இல்ல, காசு குடுத்து வாங்கினதுன்னு சொன்னதும் கொஞ்சம் மூஞ்சி சுருங்குச்சு, அப்புறம் "அதுவும் நல்லதுதான், யாரு பாவமும் வேணாம்"னு சொல்லிடுச்சு. இப்ப அதுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், அத மட்டும் கேட்டு சொல்லச் சொல்லுது: வர்ற ஆயுத பூஜைக்கு சந்தனம் குங்குமம் வெக்கலாமா, வேணாமா?

பழைய_இரும்பு:

கத்தி மேல வேணாம், சந்தனத்துல தண்ணி இருக்கு, துரு ஏறும். பக்கத்துல தையல் மெஷின் இருக்கே, அதுக்கு வெக்கச் சொல்லுங்க.

சிவாஜிநகர்_பாய்:

எங்க அத்தா கேக்கறாரு, பூஜை அன்னிக்கு சுண்டல் உண்டான்னு.

அல்சூர்_பேரன்:

உண்டு பாய். கொண்டக்கடலை. அத்தாவ கூட்டிட்டு வாங்க, அந்த வசனத்த அத்தைக்கு ஒரு தடவை ஓதிக் காட்டட்டும்.